நாளைக்குக் காலையில் அனுப்பணும், அண்ணே

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கம் டவுனில் எழுதுபொருள் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆசிரியர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் செயல்திட்டம் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மணிலா அட்டை தீர்ந்துபோகும், போலிஸ்டிரீன் பலகை தீர்ந்துபோகும். இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓர் அப்பா இறங்கி, "அண்ணே, நாளைக்குக் காலையில் அனுப்பணும், சூரிய குடும்பம் செய்ய என்னென்ன வேணும்?" என்று கேட்பார். பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு வியாபாரம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இந்த முறை சரியில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சாதாரண இடுபணியை நான் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பொறுக்கியெடுத்து, வளப்படுத்தும் குழு என்று தனியாக உட்கார வைத்து, நான்காம் ஐந்தாம் ஆண்டிலேயே "ஆய்வு செய்து வா" என்று அனுப்புகிறார்களே, அதைச் சொல்கிறேன். நோக்கம் நல்ல நோக்கம். தோட்டப்புறப் பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பைச் சமாளிக்கவே ஆசிரியர்களுக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கு நடுவில் மீத்திறன் மாணவர்களை, அதாவது இந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றியும் யோசிக்கிறார்கள் என்றால் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கையில் கொடுத்தனுப்பும் தாளைப் பாருங்கள். நகல் எடுக்க என்னிடம்தான் வருகிறது, அதனால் எனக்கு மனப்பாடம். மூன்று மடிப்புப் பலகை, முப்பரிமாண மாதிரி, தட்டச்சு செய்த அறிக்கை, வண்ணப் படங்கள். இதெல்லாம் போதாதென்று, மறுபயனீட்டுப் பொருள்களைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமாம். வீட்டில் காலி போத்தல் இல்லாத அம்மாக்கள் பக்கத்துக் கடையில் ஒரு கட்டு மினரல் வாட்டர் வாங்கி, தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு போத்தலை எடுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு!

இதைக் கேட்டால், "கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகமாக எதிர்பார்க்க வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். எதை எதிர்பார்ப்பது என்பதில்தான் வம்பு.

மீத்திறன் பிள்ளைகளுக்கான கல்வியில் பெரிய பெயர் ஜோசப் ரென்சூலி. அமெரிக்காவின் கனெடிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1977-இல் அவர் வைத்த முறையில் மூன்று வகை வேலைகள் உண்டு. முதலாவது, பிள்ளைக்குப் பலவற்றைக் காட்டி ஆசையைத் தூண்டுவது. இரண்டாவது, எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிக் குறிப்பெடுப்பது, எப்படித் தேடுவது என்று உட்கார்ந்து பழக்குவது. மூன்றாவதுதான் செயல்திட்டம். பிள்ளை தானே தேர்ந்தெடுத்த உண்மையான ஒரு பிரச்சினையை, உண்மையான ஆய்வாளர் மாதிரி துருவிப் பார்ப்பது. நம் ஊரில் நடப்பது என்னவென்றால், முதல் இரண்டையும் அப்படியே தாண்டிவிட்டு நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பழக்காத வேலையைப் பிள்ளை எப்படிச் செய்யும்? அதனால்தான் அப்பா ஷட்டரைத் தட்டுகிறார்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மீத்திறன் பிள்ளைக்கு எல்லாமே ஒரே வேகத்தில் வளராது. கொலம்பஸ் குழு என்று அழைக்கப்படும் சிலர் 1991-இல் மீத்திறன் என்பதையே இப்படித்தான் விளக்கினார்கள்: அறிவு வயதைத் தாண்டி ஓடும், மற்றவை வயதோடுதான் வரும். பத்து வயதுப் பிள்ளை பதினாலு வயதுக்காரன் மாதிரி யோசிக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கும் கை பத்து வயதுக் கைதான். இரண்டு வார வேலையை நாள் வாரியாகப் பிரித்துச் செய்யும் பொறுமையும் பத்து வயதுப் பொறுமைதான். நாமோ யோசனையை விட்டுவிட்டு, வெட்டி ஒட்டிய அழகுக்கு மதிப்பெண் போடுகிறோம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகை என்ற ஆந்தையை வளர்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கம்பத்தின் மேலே ஆந்தைப் பெட்டி வைத்திருப்பார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கிவிடும். சீரணமாகாத எலும்பும் முடியும் உருண்டையாகி வாய்வழியே வெளியே வந்து விழும். இந்தப் பையன் அப்பாவோடு போகும்போதெல்லாம் பெட்டிக்கு அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, பல்குச்சியால் பிரித்து, மண்டையோடுகளை எண்ணியிருக்கிறான். எல்லாம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. தேதி, எந்தப் பெட்டி, எத்தனை மண்டை. சில நாள்களுக்கு நேராகச் சுழியம் போட்டு, பக்கத்தில் "மழை" என்று எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: மழையில் உருண்டை கரைந்துவிட்டதா, இல்லை மழையென்று கூகை வேட்டைக்கே போகவில்லையா?

நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றும் கிடைக்காத நாளையும் விடாமல் எழுதியிருக்கிறான் பாருங்கள். அந்தச் சுழியத்துக்கே முதல் பரிசு கொடுக்கலாம்.

அவன் அம்மா புத்தகத்தைக் கொண்டுவந்தது எதற்கு? "அண்ணே, இத கொஞ்சம் அழகா டைப் பண்ணுங்க, கூகிள்ல இருந்து நல்ல ஆந்தைப் படமா ரெண்டு போடுங்க. பையன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு." அவரைக் குறை சொல்ல முடியாது. தாளில் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். நான் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கொடுத்தார்களாம், "அறிக்கை மட்டும் போதும்" என்று திருப்பித் தந்துவிட்டார்களாம். முதல் பரிசு எரிமலைக்குப் போனது. சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் பொங்குமே, அந்த எரிமலை. அதற்குச் சிவப்புச் சாயம் விற்றது நான்தான், ஆகவே எரிமலை மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.

தோட்டத்தில் கிடைப்பதை வைத்து என்ன பெரிய ஆராய்ச்சி என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நம் அம்மா தலைமுறைப் பெண்கள் செம்பனைப் பூவுக்குக் கையாலேயே மகரந்தப் பொடி அடித்த காலம் உண்டு. செம்பனைக்குக் காற்றில்தான் மகரந்தம் பரவுகிறது என்று அப்போது புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி, ஆப்பிரிக்காவின் காமரூனில் கைவேலையே இல்லாமல் குலை நன்றாகக் காய்ப்பதைப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் போய்த் தேடினார். பூவில் மொய்க்கும் சின்ன மூக்குவண்டுதான் காரணம் என்று தெரிந்தது. 1981-இல் அந்த வண்டைக் கொண்டுவந்து இந்த நாட்டில் முதலில் விட்டது எங்கே தெரியுமா? இதே குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில். கையால் பொடி அடிக்கும் வேலையே போய்விட்டது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எத்தனை பேருக்குத் தெரியும்? சனிக்கோளின் வளையத்தைப் போலிஸ்டிரீனில் வெட்டத் தெரியும்.

"சிங்கப்பூரில் நான்காம் வகுப்பிலேயே ஆய்வு செய்கிறார்கள்" என்று சில பெற்றோர் என்னிடம் வாதாடுவார்கள். பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள், அங்கே நடப்பது தெரியும். சரி, அங்கே 1984-இல் தொடங்கிய மீத்திறன் திட்டத்தில் அதற்கென்றே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளையின் ஆய்வுக்கு வழிகாட்ட ஆள் இருந்தது. அந்தத் திட்டத்தையே இப்போதுள்ள வடிவில் நிறுத்திவிட்டு, எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் திறமையான பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கப் போகிறோம் என்று அவர்கள் 2024-இல் அறிவித்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2009-இல் பெர்மாத்தா பிந்தார் என்ற மீத்திறன் மாணவர் திட்டம் தொடங்கியபோது, தேர்வான பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் அப்பாவிடம் போலிஸ்டிரீன் கேட்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்குப் பி.டி.எஸ். தேர்வு ஞாபகம் இருக்கும். மூன்றாம் ஆண்டில் எழுதித் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்துக்குப் போகலாம். 1996-இல் கொண்டுவந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் வந்தது. உடனே டியூஷன் மாஸ்டர்கள் முளைத்தார்கள், ஒன்பது வயதுப் பிள்ளைகள் ராத்திரி வரை பயிற்சித்தாள் செய்தார்கள். 2001-இல் தேர்வே நின்றுபோனது. இப்போது அதே ஓட்டம் பலகை வடிவில் வருகிறது. டியூஷன் மாஸ்டர் இருந்த இடத்தில் கடைக்காரன் நான் இருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெற்றோரையும் விட்டுவிட மாட்டேன். வாட்சாப் குழுவில் ஒருவர் மகளின் பலகையைப் படம் எடுத்துப் போட்டால் போதும், அன்று இரவே மற்றவர்கள் விளக்குச் சரம் வாங்க வருகிறார்கள். பலகையில் விளக்கு எரிந்தால் அறிவியல் ஆகிவிடுமா? ஆனாலும் பாவம், இதில் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. அச்சுப்பொறி உள்ள வீடும் உண்டு, அம்மா அப்பா இரண்டு பேரும் ஷிப்டு முடிந்து இரவு வந்து சேரும் வீடும் உண்டு. பிள்ளையின் திறமையைத்தான் பார்க்கிறோம் என்றால், வீட்டின் வசதி அதில் கலக்காமல் இருக்க வேண்டும்.

செயல்திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளியிலேயே, பிற்பகலில் புறப்பாட நேரத்தில் செய்ய வையுங்கள். பசை, அட்டை எல்லாம் பள்ளியிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே பெட்டி. வீட்டுக்குக் குறிப்புப் புத்தகம் மட்டும் போகட்டும், அதுவும் பிள்ளையின் கையெழுத்தில். எழுத்து கோழி கிண்டினால் கிண்டிவிட்டுப் போகட்டும். தலைப்பைப் பிள்ளை சொல்லட்டும். முடிந்த பிறகு ஆசிரியர் எதிரில் உட்கார வைத்து, "இதை எப்படிக் கண்டுபிடித்தாய், எதில் தப்பு வந்தது, அடுத்து என்ன பார்ப்பாய்?" என்று கேட்டாலே யார் செய்தது என்பது தெரிந்துவிடும். எந்த அப்பாவும் அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். வளப்படுத்தும் குழுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் என் கடையிலிருந்து இலவசம், பசை அட்டைப் பெட்டியின் செலவில் பாதியும் என்னுடையது. மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.