தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு, தொண்டு வாங்கின ஊரிலிருந்து

எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் வெளிநாட்டுக்குத் தொண்டராகப் போக ஆயத்தம் செய்கிறார்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ இல்லை. உகண்டா, நேபாளம் என்கிறார்கள். தாதியர், ஆசிரியர், கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள். இன்பாக்ஸில் வருகிற கேள்விகள் எல்லாம் ஊசி, விசா, என்ன சாமான் கொண்டுபோவது என்பவைதான். அவையும் தேவை, கீழே சொல்கிறேன். ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களை அங்கே வரச்சொல்லிக் கேட்டது யார்?

இதைக் கேட்கிற தகுதி எங்கட சனத்துக்கு நிறையவே உண்டு. இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும் உதவி செய்ய வந்து இறங்கியவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். சுனாமி முடிந்த கையோடு கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளைத் துப்பரவாக்கப் பலர் பம்புகளோடு வந்தார்கள். ஒரு குழு இறைத்துவிட்டுப் போக, அடுத்த குழு வந்து அதே கிணற்றைத் திரும்ப இறைத்தது. கரையோர மணலுக்குக் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மேலே உள்ளதை ஓட்ட இறைத்தால் கீழே உள்ள உவர் ஏறிவரும். மழை மெல்ல மெல்லக் கழுவியிருக்க வேண்டிய உப்பு சில கிணறுகளில் இறைப்பால் கூடியது. அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தல் பிறகுதான் வந்தது. சுண்ணாம்புக்கல்லின் மேல் தோட்டம் செய்கிற யாழ்ப்பாணத்தான் எவனைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் பம்ப் இருந்தது, நாள் குறைவாக இருந்தது, படம் எடுத்து அனுப்ப வேண்டியும் இருந்தது. கடலுக்குச் சரிவராத ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வந்து குவிந்ததும் இதே கதைதான்.

மறுபக்கமும் உண்டு. போர்க்காலத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணர் இல்லாமல் திண்டாடிய பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வந்து வேலை செய்தார்கள். அங்கே இல்லாதது எதுவோ அதையே கொண்டுவந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன். மதம் பரப்ப வந்தவர்தான், அதில் எனக்கு வேறு கருத்துண்டு. ஆனால் மனுசன் தமிழ் படித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், மானிப்பாயில் எங்கட பிள்ளைகளையே வைத்தியர்களாக்கினார். அவர் போன பிறகும் வைத்தியம் நின்றுவிடவில்லை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் எழுதிக் கேளுங்கள். இந்த வேலையை இதுவரை யார் செய்தார், நான் போன பிறகு யார் செய்வார், அந்த ஊரில் இதே வேலைக்கு ஆள் கிடைக்காதா? பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். இரண்டு கிழமைப் பயணம் என்றாலும் என் பதில் அதுதான். விமானச் சீட்டுக் காசை அங்கே இருக்கிற தாதிக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளோடு விளையாடுகிற வேலை என்றால் அடியோடு வேண்டாம். அப்படியான இல்லங்களில் தாயோ தகப்பனோ உயிரோடுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கட பக்கமும் இதைக் கண்டிருக்கிறோம். வெளிநாட்டார் வந்து காசு கொடுக்கக் கொடுக்கப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிப்பதே வியாபாரமாகிறது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையே இதைக் கண்டித்துத் தீர்மானம் எடுத்தது.

மொழி விஷயம். வட உகண்டாவில் குலு பக்கம் போகிறவர் ஆங்கிலம் போதும் என்று நினைக்கிறார். ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிற கிழவி அந்த ஊர் மொழியான அச்சோலி அல்லவா கதைப்பா? சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்கு முன்னால் எங்கட அம்மம்மாமார் விழித்த விழிப்பை மறந்துவிட்டீர்களா? வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்புகிற அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோர் தன் ஆட்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் மொழியும் ஊர்ப்பழக்கமும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வேலைக்கு விடுகிறது. நீங்கள் இப்போதே தொடங்கலாம், யூடியூப் இருக்கிறது.

இன்னொன்று. குலுவும் போரும் முகாமும் கண்ட இடம். போன உடனேயே "எங்களுக்கும் இது தெரியும்" என்று உங்கள் கதையைத் தொடங்கிவிடாதீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். உகண்டாவுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கட்டாயம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், கடைசிக் கிழமையில் கொழும்புக்கு ஓடாதீர்கள். திரும்பி இலங்கைக்குள் வரும்போதும் அதைக் கேட்பார்கள், தொலைக்க வேண்டாம். மலேரியாவை இங்கே மறந்தே போனோம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அங்கே அப்படியில்லை. எங்கட சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறது. டொக்சிசைக்ளின் தந்தால் திரும்பி வந்த பிறகும் நான்கு கிழமை விழுங்க வேண்டும். பலர் வீடு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். வந்த பிறகு காய்ச்சல் அடித்தால், குறிப்பாக மாரியில், இங்கே எல்லாருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். நீங்களே வாயைத் திறந்து "ஆபிரிக்காவிலிருந்து வந்தனான், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கோ" என்று சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காசு. 1970இல் தொடங்கிய ஐ.நா. தொண்டர் திட்டம் ஒருவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. அவர்கள்தான் வாழ்க்கைச் செலவுக்கு மாதக் கொடுப்பனவு தருகிறார்கள். நிபுணத் தொண்டராக வெளிநாடு போக 27 வயதாக வேண்டும், அதற்குக் கீழே இளைஞர் பிரிவு இருக்கிறது. "பதிவுக் கட்டணம்" என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களின் விளம்பரத்தை எனக்கு அனுப்பி "அண்ணை, இது நல்லதா?" என்று இனிக் கேட்க வேண்டாம். பதில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.