ஒத்து ஊதுறது அவ்வளவு கேவலமா?

நாகசுர செட்டில் ஒத்து ஊதுகிற பையனைப் பற்றிய நாவலுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த விமர்சனக் கூட்டத்தில் என்ன ஆச்சு என்று உங்களுக்கே தெரியும். பேசியவர் பேர் வேண்டாம். "கதாநாயகன் நூறு பக்கத்துக்கு ஒத்துதான் ஊதுறான்" என்றார். அரங்கமே சிரித்தது. பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒத்து என்றால் ஜால்ரா இல்லைங்க. நாகசுரத்துக்குச் சுருதி கொடுக்கிற, விரல் துளை இல்லாத குழல். சாமி புறப்பாடு முழுக்க ஒரே சுருதி, அறுபடவே கூடாது. கன்னத்தில் தேக்கிய காற்றை, வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். கன்னம் கொஞ்சம் தளர்ந்தால் சுருதி ஆடும், நாயனக்காரர் திரும்பிப் பார்ப்பார். அடித்துளைகளில் மெழுகு அடைத்துச் சுருதி சேர்க்கணும். ஒரு துளை கூடுதலாக அடைபட்டாலே சுருதி இறங்கிவிடும். ஊர் ஊராகப் போகிற செட்டில் ஒரு பையன் நுழைகிற வாசலே அதுதான். அதைத்தான் ஒத்து ஊதுகிறான் என்று சிரித்தீர்கள்.

"அவன் அந்த செட்டோடு ஒட்டுகிற இடம் எங்கே?" என்று வேறு கேட்டார். சீவாளி வருகிற பக்கங்களைத் தள்ளிவிட்டால் எங்கே தெரியும்? கொறுக்கைத் தட்டையில் செய்தது அது. வாய் விரிந்தால் மூச்சைத் தின்னும், ஒட்டிக்கொண்டால் சத்தமே எழாது. மார்கழிப் பனியில் தொய்யும், சித்திரையில் விறைக்கும். தந்தத்தில் செய்த ஊசியை உள்ளே விட்டு மெல்ல நெகிழ்த்தணும், அவசரப்பட்டால் கீறிவிடும். தன் எச்சில் பட்ட சீவாளியைப் பெரியவர் அவன் கையில் கொடுத்து "பதம் பாருடா" என்கிறாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்? கட்டிப்பிடித்து அழணுமா?

"நாவலா, பட்டறைக் கையேடா?" என்பீர்கள். கரிசல் மண்ணைப் பத்துப் பக்கம் எழுதினால் இலக்கியம், மெழுகை எழுதினால் கையேடு. நல்ல நியாயம்!

பரம்பரையாக வருகிற தொழிலில் வெளியாள் பையனை யார் சேர்த்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. ஆசிரியர் அதை நாலு வரியில் தாண்டிப் போகிறார், தப்புதான். ஆனால் நம்மவர் அதைக் கேட்கவில்லையே!

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது முதல் ஆளாகப் பெருமைப் பதிவு போட்டவரும் இவர்தான். நாகசுரம் செய்கிற ஆச்சா மரம், தமிழர் மரபு, கைகூப்பும் படம் எல்லாம் இருந்தது. வாத்தியம் வேண்டும், அதற்குப் பின்னால் கன்னம் வீங்க நிற்கிற பையன் மட்டும் நகைச்சுவை. ஏற்கனவே அவன் இடத்தில் சுருதிப்பெட்டியை வைத்தாயிற்று. இப்போது கதையிலிருந்தும் கிளப்பச் சொல்கிறீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஒத்து கொண்டு வருகிறேன். அவர் பத்து நிமிஷம் அறுபடாமல் ஊதிக் காட்டட்டும், நானும் சிரிக்கிறேன்.