படகிலிருந்து பார்த்த கங்கைக்கரை

பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் போட்டு, 'அந்தக் காலத்துக் கிராமம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறது' என்று பெருமூச்சு விடும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சமீபத்தில் சுற்றுவது சீதாராம் வரைந்த கங்கைக்கரை. ஓவியம் அருமை. அந்தப் பெருமூச்சுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

அந்த நிம்மதி யாருடையது? 1814 ஜூனில் கவர்னர் ஜெனரல் மொய்ரா பிரபு (பிற்பாடு ஹேஸ்டிங்ஸ் பிரபு ஆனவர், வாரன் ஹேஸ்டிங்ஸ் வேறு ஆள்) குடும்பம், பரிவாரத்தோடு கல்கத்தாவிலிருந்து வடக்கே கிளம்பினார். சுமார் 220 படகுகள். வழியில் பார்ப்பதை வரைய வங்காளத்து ஓவியர் சீதாராமையும் கூட்டிக்கொண்டார். திரும்பிவர 1815 அக்டோபர் ஆனது. காற்று கைகொடுக்காவிட்டால் எதிரோட்டத்தில் படகு நகராது. ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்காலச் சேற்றில் கரையோரமாக நடந்தே இழுக்க வேண்டும்.

கரையிலிருந்த குடிசைக்காரருக்கு வேறு கவலை. 1793ல், ஜமீன்தார் அரசுக்குக் கட்டவேண்டிய வரியை மாறாத தொகையாக நிர்ணயித்த நிரந்தர நிலவரித் திட்டம் வந்துவிட்டது. கெடு நாளில் பொழுது சாய்வதற்குள் கிஸ்தி கட்டாத ஜமீன் ஏலத்துக்குப் போகும். அந்த நெருக்கடி கடைசியில் குடியானவன் தலையில்தான் விடியும். ஓவியத்தில் இதற்கு இடமில்லை. ஓரத்தில் பெரிய மரம், நடுவில் சிதைந்த மண்டபம், தூரத்தில் மங்கிய வெளிச்சம், சுண்டுவிரல் அளவில் மனிதர்கள்: அன்றைய ஆங்கிலேயர் ரசனை கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகச் சீதாராமைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வங்காள நவாபுகளின் ஊரான முர்ஷிதாபாத்தின் ஓவிய மரபில் பழகியவர் என்று கருதுகிறார்கள். அங்கே வண்ணத்தைக் கெட்டியாகப் பூசி, நுணுக்கமாகத் தீட்டுவார்கள். இவரோ தண்ணீரில் இளக்கிய வண்ணத்தை அகலமாக ஓடவிட்டு, காகிதத்தின் வெண்மையையே வெளிச்சமாக்குகிறார். அக்கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. இந்தக் கையைக் 'கம்பெனி ஓவியம்' (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்தது) என்று ஒரே முத்திரை குத்தி மூலையில் வைத்தால் கோபம் வராதா?

மொத்தம் பத்து ஆல்பங்கள், 229 ஓவியங்கள். பிரிட்டனில் முடங்கிக் கிடந்து, 1995ல்தான் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தன. வரையச் சொன்னவரின் நாட்குறிப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டது. வரைந்தவர் பிறந்த ஊர்கூடப் பதிவாகவில்லை. ஹேஸ்டிங்ஸ் 1823ல் கப்பலேறிய பிறகு சீதாராம் என்ன ஆனார் என்பதும் தெரியாது.

பகிர்கிறவர்கள் பொற்காலக் கதையை விட்டுவிட்டு, ஓவியர் பெயரையாவது போடலாம். நேற்று பார்த்த ஒரு பதிவில் 'வெள்ளைக்காரன் வரைந்தது' என்று எழுதியிருந்தார்கள்.