பையில் இருந்ததும் இல்லாததும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பிரேயர் முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் திடீர்ப் பை சோதனை. பையன்கள் பக்கம் பி.இ.டி. சார், பெண் பிள்ளைகள் பக்கம் நான். அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். எங்கள் பள்ளி மாதிரி எந்த மாவட்டத்திலும் இருக்கும்.

சிக்கியது இவ்வளவுதான்: செல்போன் ஒன்று, சென்ட் பாட்டில் இரண்டு, பாதி கிழிந்த சீட்டுக்கட்டு, ஒரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் உதட்டுக்கு அடியில் அதக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலம் நான்கு. அந்தப் பொட்டலம்தான் அன்றைய தலைப்புச் செய்தி. ஸ்டாஃப் ரூமில் மதியம் வரை அதே பேச்சு. 'இந்தக் காலத்துப் பசங்க' என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள் எத்தனை உண்டோ அத்தனையும் சொல்லி முடித்தோம். நானும் சொன்னேன், மறைப்பானேன்.

எனக்கு உறுத்தியது வேறு. என் பக்கம் 22 பைகள். அதில் ஒன்பதில் சாப்பாட்டு டப்பாவே இல்லை. ஒரு பெண்ணின் டப்பாவைத் திறந்தால் ஒரு கரண்டி தக்காளிச் சோறு, மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. "இது யாருக்கும்மா?" என்றேன். "எனக்கும் இவளுக்கும் மிஸ்" என்று பக்கத்துப் பெண்ணைக் காட்டினாள்.

அடுத்த பீரியடில் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கை தூக்கச் சொன்னால் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் துண்டுச் சீட்டு, பேர் போட வேண்டாம். 'டீ'. 'டீ, வர்க்கி'. 'பழைய சோறு'. 'ஒண்ணுமில்ல'. 'பஸ் வந்துருச்சு'. இந்தக் கடைசிப் பதில் மட்டும் ஆறு சீட்டில் இருந்தது. என்ன சாப்பிட்டாய் என்றால் பஸ் வந்துருச்சு என்கிறார்கள். எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், அதற்கு 6:50 டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது 8:15.

வெளியில் சொன்னால் எல்லோரும் உடனே கேட்பது, "அதான் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு போடுறாங்களே?" போடுகிறார்கள். யாருக்கு என்பதுதான் விஷயம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு 1984-ல் பத்தாம் வகுப்பு வரை நீட்டப்பட்டது. இன்றைக்கும் அது பத்தோடு முடிகிறது. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டுமே அருமையான திட்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புக்குள் காலடி வைக்கிற பிள்ளைக்குக் காலையும் கிடையாது, மதியமும் கிடையாது. போன வருஷம் வரை முட்டையோடு சாப்பிட்டவன், ஜூன் மாதம் அதே வளாகத்தில் அதே சமையல் வாசனையை மோந்துகொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனுடைய பசி என்ன சின்னப் பசியா? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு நாளைக்கு 3,320 கலோரி. மிதமான உடலுழைப்பு உள்ள வளர்ந்த ஆணுக்கே 2,710தான். பெண் பிள்ளைக்கு 2,500 கலோரியும் 32 மில்லிகிராம் இரும்புச்சத்தும். வீட்டில் அப்பாவுக்குத்தான் முதலில் பரிமாறுகிறோம், மிச்சம்தான் மகளுக்கு. அட்டவணையோ அவள் தட்டைக் கவனி என்கிறது.

சரி, பொட்டலத்துக்கு வருகிறேன்.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னிடம் அழுதுவிடுவான் என்று நினைத்தேன், அழவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்: "வச்சா பசி தெரியாது மிஸ். சாயங்கால கிளாஸ்ல தூக்கமும் வராது."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவன் சொல்வது அறிவியல்படி சரி. நிகோடின் மூளையில் பசியை மட்டுப்படுத்தும், கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாக வைக்கும். ஈறோடு ஒட்டி வைத்தால் வாயின் மெல்லிய தோல் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கும். சில மாதத்தில் அது இல்லாமல் எதுவும் ஓடாது என்கிற நிலை. உதட்டின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்துப்போகும், அப்புறம் என்ன வரும் என்று அவனுக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் அவன் நல்ல மார்க். பசிக்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று, நாங்கள் அதற்கு வைத்த பேர் ஒழுங்கீனம்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி எனக்கே வந்தது. பசிக்கிற எல்லாப் பிள்ளையுமா வைக்கிறது? இல்லை. போன வருஷம் மாட்டியவன் வசதியான வீட்டுப் பையன், மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறவன். 2019-ல் நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுக்குள் நூற்றுக்கு 8.5 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். மெல்லுகிற, அதக்குகிற வகையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயது முடியும் முன்பே ஆரம்பித்தவர்கள். பத்து வயதில் ஸ்பெஷல் கிளாஸ் ஏது? ஆக, எல்லாப் பழியையும் டைம்டேபிள் மேல் போட முடியாது, எனக்கும் தெரியும். வீட்டில் தாத்தா வெற்றிலைப் பெட்டி, தெருவில் அண்ணன்கள், அஞ்சு பத்து ரூபாய்க்குக் கையில் கிடைக்கிற வசதி, எல்லாம் சேர்ந்ததுதான்.

கிடைக்கிற வசதி என்றதும் நினைவு வருகிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் எங்கேயும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமை: குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்தே தடை. 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் என்கிற, உதட்டுக்கு அடியில் அதக்கும் புகையிலைப் பொட்டலம் புழங்குவதைச் சுட்டி, நாடு முழுக்கவே இதைத் தடை செய்ய முடியாதா என்று கேட்டது. இவ்வளவும் இருக்கிறது. பையனோ எங்கே வாங்கினாய் என்றால் கையை நீட்டி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு கூரையைக் காட்டுகிறான். ரெஜிஸ்டரில் அவன் பேர் ஏறியது, அப்பாவை வரச்சொல்லி எழுதி வாங்கியாயிற்று. விற்ற ஆளின் பேர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. பதினேழு வயதுக்காரன் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டான். ஐம்பது வயதுக்காரர் மறுநாளும் கடை திறந்தார்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் பையில் நாம் தேடுகிற மாதிரி எதுவும் சிக்காது, அதனாலேயே நம் கண்ணில் படுவதில்லை.

வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுக்கிறோம், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் மாத்திரை அவசியம்தான். ஆனால் அது வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை இல்லை. போட்டால் குமட்டும், வயிற்றைப் புரட்டும். சாப்பிட்டபின் கொடுங்கள் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். மதியம் சாப்பாடே இல்லாத ஒன்பது பேருக்கு 'சாப்பிட்டபின்' என்பது எந்த நேரம்? ஒரு தடவை ஒருத்தி வாந்தி எடுத்தாள். அதோடு வகுப்பே உஷாராகிவிட்டது. வாயில் போடுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், நான் முதுகைத் திருப்பினால் ஜன்னல் வழியாகப் போய்விடும். மழை பெய்த மறுநாள் செம்பருத்திச் செடிக்கு அடியில் மண் நீலமாக ஊறிக் கிடந்ததைப் பார்த்துதான் எனக்கே விஷயம் புரிந்தது. கேட்டால் ஒருத்தி சொல்கிறாள், "டீயோட போட்டா வாந்தி வராது மிஸ், வீட்ல போட்டுக்குறோம்." டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாக ஏற விடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள், மாலையில் அப்படியே நிரப்பின மட்டத்தோடு போகிறது. இடைவேளை பத்து நிமிஷம், கழிவறை ஆறு, பிள்ளைகள் முந்நூறுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடித்தால்தானே போக வேண்டும் என்று குடிப்பதையே விட்டுவிட்டார்கள். நீர்க்கடுப்பு, ஜுரம் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது லீவ் லெட்டர் கொடுக்கிறார்கள். லெட்டரில் 'காய்ச்சல்' என்று மட்டும் இருக்கும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் என்னோடு ஒத்துப்போகிற ஆசிரியர்கள் குறைவு. பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு பதினொன்று வரை இயல்பாகவே தூக்கம் வராது, காலையில் லேசில் எழுந்திருக்க முடியாது. தேவையோ எட்டிலிருந்து பத்து மணி நேரம். செல்போன் இதைக் கெடுக்கிறது, உண்மைதான். ஆனால் 'நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும்' என்று நாமும் கெடுக்கிறோம். கலிபோர்னியாவில் 2019-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2022-லிருந்து அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது. ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். "அங்க ரிசல்ட் பர்சன்டேஜ் கேக்குறாங்களா டீச்சர்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பைக் விஷயமும் இதே கதைதான். அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் நிற்கிறது, பையன் அப்பாவின் பைக்கில் வருகிறான். லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் வண்டி கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-லேயே திருத்தம் வந்துவிட்டது. சொன்னால் அப்பா கேட்கிறார்: "பஸ்ஸில் படியில தொங்கிக்கிட்டுப் போறதுக்கு இது பரவாயில்ல, இல்லீங்களா?" சாவி எப்போதும் பெரியவர் கையிலிருந்துதான் போகிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பஸ்ஸை நானும் பார்த்திருக்கிறேன்.

எங்களால் முடிந்தது ஒன்று செய்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸுக்கு முன்னால் சுண்டல். பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு பிரிவும் சேர்த்து 84 பேர். தலைக்கு 50 கிராம் கொண்டைக்கடலை என்றால் நாளைக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடலை, எண்ணெய், கேஸ் எல்லாம் போட்டு ஒரு பிள்ளைக்கு ஏழு ரூபாய்க்குள் அடங்குகிறது. முன்னாள் மாணவர்கள் மூன்று பேர் ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒரு மூட்டை பச்சைப்பயறு பி.இ.டி. சாரே வாங்கிப் போட்டார், அதே பை சோதனை சார்தான். மாத்திரை நாளில் சுண்டல் முதலில், மாத்திரை பிறகு, டீ அன்றைக்குக் கிடையாது. மூன்று வாரமாகச் செம்பருத்திச் செடிக்கு அடியில் நீலம் இல்லை.

பொட்டலப் பையன் வைப்பதை விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். முழுசாக இல்லை. அரசு மருத்துவமனையில் புகையிலை நிறுத்துவதற்கான ஆலோசனைக்கு அவன் அப்பாவோடு ஒரு தடவை போய் வந்தான். இரண்டாம் தடவைக்கு அப்பாவுக்கு வேலை இருந்தது, நான் கூட்டிப்போனேன். வழியில் பேசவே இல்லை. திரும்பும்போது மட்டும், "அந்தக் கடையில இப்பவும் விக்கிறாங்க மிஸ்" என்றான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அந்தக் கடை, இன்னும் நாலு கழிவறை, ஸ்பெஷல் கிளாஸ் எட்டரைக்கு. முதல் இரண்டுக்கும் தலைமை ஆசிரியர் தலையாட்டினார். மூன்றாவதைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். சுண்டலைத் தினமும் யார் ஊறவைப்பது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குக் குக்கர் என்னுடையது. 84 பேருக்கு நாலு ஈடு வைக்க வேண்டியிருக்கிறது. பெரிய குக்கர் சும்மா கிடந்தால் யாராவது கொடுங்கள்.