நீரிறைக்கும் எஞ்சின்தான், அதற்கு என்ன இப்போது?

கொழும்புக்குத் தெற்கே பண்டாரகமவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆறு மணிநேர கோ-கார்ட் (சிறிய பந்தயக் கார்) ஓட்டத்துக்குப் பிறகு, எங்கள் கார்ட்டில் இருப்பது நீரிறைக்கும் மெஷினின் எஞ்சின் என்று கேலி செய்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். யார் பேசினார், பக்கத்தில் நின்று யார் சிரித்தார், “வாட்டர் பம்ப் அணி” என்ற பட்டத்தை யார் சூட்டினார் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பார்த்தீர்கள், உங்களில் சிலர் சிரிப்புக்குறியும் இட்டீர்கள், அதையும் நான் பார்த்தேன். வெளியார் சிரித்ததோடு நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது. மறுநாள் காலையில் எங்கள் அணியின் வட்ஸ்அப் குழுவிலேயே “அடுத்த ஓட்டத்துக்காவது ஒரு நல்ல எஞ்சின் பார்ப்போம்” என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. அப்படியானால் ஆறு மணிநேரம் பழுதென்று ஒரு தடவையும் நிற்காமல் ஓடி இரண்டாம் இடத்தை வாங்கித் தந்தது கெட்ட எஞ்சினா?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நெடுநேர ஓட்டத்தில் எஞ்சினின் வேகத்தை ஒரு சுற்றை வைத்து அளக்கக் கூடாது. கொடி விழும்போது மொத்தம் எத்தனை சுற்று ஓடி முடித்திருக்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 60 செக்கன் எடுக்கும் கார்ட், நிறுத்தங்களைச் சேர்க்காவிட்டால், ஆறு மணிநேரத்தில் 360 சுற்று ஓடும். அதே பாதையில் 58.5 செக்கனில் ஓடும் கார்ட் 369 சுற்று ஓடும். ஒன்றரைச் செக்கன் என்பது இந்த வகுப்பில் சிறிய வித்தியாசம் இல்லை. காணொளி எடுத்துப் போடத்தக்க வித்தியாசம்தான். ஆனால் ஆறு மணிநேரமும் அந்த வேகம் ஒரு சுற்றிலும் குறையாமல் ஓடினால்கூடக் கிடைக்கும் மொத்த இலாபம் ஒன்பது சுற்று, அதாவது ஒன்பது நிமிடம். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, செயினையும் அக்சிலேற்றர் கேபிளையும் விடுவித்து, தொட முடியாத சூட்டில் இருக்கும் எஞ்சினை இறக்கி, இன்னொன்றை ஏற்றி, செயினை நேர் பார்த்து இறுக்கி முடிப்பதற்குள் அந்த ஒன்பது நிமிடமும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. மாற்றம் செய்த எஞ்சினோடு முதல் மூன்று மணிநேரமும் எல்லோரையும் முந்திக்கொண்டிருந்தவர்கள் நான்காவது மணியில் எங்கே நின்றார்கள்? காணொளி அந்த இடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலிடம் பெற்ற அணியும் எங்களைப் போலவே மாற்றம் செய்யாத எஞ்சினோடுதான் ஓடியது என்பதையும் அதில் எவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

நாங்கள் ஓட்டுவது ஹொண்டா ஜிஎக்ஸ் 200. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், 196 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 3,600 சுழற்சியில் 5.5 குதிரைவலு என்று ஹொண்டாவே தன் விபரப் பட்டியலில் எழுதியிருக்கிறது. சிரிப்பவர்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில் 2,500 சுழற்சியிலேயே 12.4 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை கிடைக்கிறது என்று எழுதியிருப்பதை அவர்கள் வாசிப்பதில்லை. ஒல்லியானவர் ஒருவர், பருமனானவர் ஒருவர், முதல் தடவை ஓட்டுபவர் ஒருவர் என்று ஆள் மாறி ஆள் ஏறும் அணிக்கு, ஐந்தாவது மணியில் களைத்துப்போன கை வளைவைத் தவறாக எடுத்துச் சுழற்சி விழுந்த பின்னரும் இழுத்துக்கொண்டு வெளியே வரும் எஞ்சின்தான் வேண்டும். 3,600 சுழற்சியில் தொடர்ந்து வேலை செய்தால் மணிக்கு ஏறத்தாழ 1.7 லீற்றர் குடிக்கிறது. நம் பெற்றோல் நிலையத்தில் கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோலே போதும். நெடுநேர ஓட்டத்தைத் தொழிலாகவே நடத்தும் பிரித்தானியாவில், புரோகார்ட் வகுப்பினர் இதன் சிறிய உடன்பிறப்பான ஜிஎக்ஸ் 160 இரண்டை ஒரே கார்ட்டில் பூட்டி ஓடுகிறார்கள். ஒன்று செத்தாலும் மற்றதோடு பிட்டுக்கு, அதாவது பாதையோரம் பழுதுபார்த்துப் பெற்றோல் நிரப்பும் இடத்துக்கு, திரும்பிவிடலாம். அவர்களையும் போய் வாட்டர் பம்ப் என்று கேலி செய்துவிட்டு வாருங்கள், பார்ப்போம்.

“அதே எஞ்சினைத்தானே நாங்களும் மொடிஃபை செய்தோம்” என்பது அடுத்த வாதம். செய்தீர்கள், சரி. சுழற்சி எல்லை மீறாமல் தடுக்கும் கவர்னரைக் கழற்றினீர்கள், ஹெட்டைச் சீவிக் கம்பிரஷனை ஏற்றினீர்கள், பெரிய காபரேற்றர் பூட்டினீர்கள். இந்த எஞ்சினுக்குள் ஒயில் பம்ப்பும் கிடையாது, ஒயில் ஃபில்டரும் கிடையாது என்பதை அப்போது யாராவது நினைத்தீர்களா? பிஸ்டனைக் கிராங்கோடு (சுழல்தண்டு) இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு துண்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒயிலுக்குள் முழுகி அதை வாரி எல்லாப் பக்கமும் தெளிக்கிறது. உயவு என்றால் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மொத்த ஒயிலும் 0.6 லீற்றர். நீண்ட வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கும். சுழற்சி கூடக் கூடச் சூடும் ஏறும், ஒயிலும் குறையும். அந்த ரொட்டோ அலுமினியம், தனியான பெயரிங் ஓடு எதுவும் இல்லாமல் நேரே கிராங்கின் மேல் ஓடுவது. ஒயில் படலம் ஒரு கணம் அறுந்தால் அது பிடித்துக்கொள்ளும், பிடித்தால் முறியும், முறிந்தால் வெளியே வரும். இதற்கிடையில் வால்வ் ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், வால்வுகள் நேரத்துக்கு மூடாமல் மிதக்கத் தொடங்கும். வார்ப்பிரும்பு பிளைவீல் அளவுக்கு மீறிய சுழற்சியில் வெடித்துச் சிதறக்கூடியது. எஞ்சின் இருப்பதோ ஓட்டுநரின் வலது முழங்கைக்குப் பக்கத்தில். கவர்னரை ஹொண்டா நம்மைத் தண்டிப்பதற்காக வைக்கவில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு, நான்காவது மணியில் நின்றுபோன அந்த எஞ்சினை நான் போய்ப் பார்த்தேன். கிராங்கேஸில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதனூடாக முறிந்த ரொட்டின் முனையும், சூட்டில் நீலம் பாரித்த கிராங்கும் தெரிந்தன. பிறகு எங்கள் எஞ்சினின் ஒயிலைப் பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் இறக்கினோம். கறுத்திருந்தது, ஆனால் இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தபோது வழுவழுப்பாக இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தும் ஓர் உலோக மினுக்கம் இல்லை. அதை யாரும் காணொளி எடுக்கவில்லை.

பில்லெட் ரொட், பில்லெட் பிளைவீல் (வார்க்காமல் முழு உலோகக் கட்டியில் கடைந்தெடுத்தவை), பலமான ஸ்பிரிங் என்று எல்லாவற்றையும் போட்டால் தாங்காதா என்று கேட்பீர்கள். தாங்கும். முறையாகச் செய்தால் நன்றாகவே தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒன்று உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் அடுத்த ஓட்டமும் வந்துவிடும். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

டூ ஸ்ட்ரோக் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டக்ஸ் மேக்ஸ் எவ்வளவு அருமையான எஞ்சின் என்பதை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1997 முதல் உலகம் முழுவதும் ஓடுகிறது, 125 சிசியில் ஏறத்தாழ 30 குதிரைவலு, தண்ணீரால் குளிர்கிறது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது. குறுகிய ஓட்டத்துக்கு அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் அது வேறு வகுப்பு, வேறு பணப்பை. பெற்றோலோடு ஒயிலை அளந்து கலக்க வேண்டும், அடிக்கடி பிட்டுக்கு வந்து தாங்கியை நிரப்ப வேண்டும், ஏறத்தாழ 50 மணிநேரத்துக்கு ஒரு தடவை பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சியும் ஓட்டமும் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள்ளேயே அந்த மணிநேரம் முடிந்துவிடும். அமெரிக்காவில் பலர் நம்பி ஓட்டும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 எஞ்சினையும் சொன்னார்கள். யாரும் திறந்து கைவைக்க முடியாதபடி தொழிற்சாலையிலேயே முத்திரை வைத்து வரும் எஞ்சின். அந்தக் கொள்கையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதற்கு ஒரு காபரேற்றர் காஸ்கெட் வாங்கிக் காட்டுங்கள், மறுபேச்சில்லாமல் மாறிவிடுகிறேன்.

மலிவான சீனப் பிரதிகளைப் பற்றிக் கேட்டால், சில நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு எஞ்சின்களின் பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் என்று நம்பிப் பெட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது அந்தக் கேலிக்கு வருகிறேன். “வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மெஷினைக் கொண்டுவந்து கொழும்பில் ரேஸ் ஓடுகிறார்கள்” என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். அது எஞ்சினுக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆம், என் மாமா யாழ்ப்பாணத்தில் நீரிறைக்கும் மெஷின் திருத்துகிறவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காமல் இருந்தபோது, மெஷின்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மாமா ஊசி மருந்துச் சிரிஞ்சில் வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றர் வாய்க்குள் விட்டு, கயிற்றை இழுத்துப் பற்றவைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பிறகு சைலன்சர் பக்கம் குனிந்து சத்தத்தைக் கேட்டபடி காபரேற்றர் திருகாணியை அரைத் திருப்பு, கால் திருப்பு என்று திருப்பிக்கொண்டிருப்பார். அதற்கென்று படைக்கப்படாத எரிபொருளைக் குடித்துக்கொண்டு விடியும்வரை தண்ணீர் இறைத்த எஞ்சின்களின் பரம்பரையில் வந்ததைத்தான் நாங்கள் கார்ட்டில் பூட்டியிருக்கிறோம். நம்பகத்தன்மை என்றால் என்ன என்பதை நான் யூடியூப்பில் படிக்கவில்லை.

அந்த வாட்டர் பம்ப் பரம்பரைதான் கொழும்பில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி என்பதையாவது புரிந்துகொள்ளுங்கள். கட்டட வேலைத்தளங்களிலும் விவசாயப் பம்ப்களிலும் ஜெனரேற்றர்களிலும் இதே குடும்ப எஞ்சின்தான் இருக்கிறது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது ஜெனரேற்றர் வைத்திருந்த ஒவ்வொரு கடைக்காரரும் இதைத் திருத்தத் தெரிந்தவரைத் தேடி அலைந்தார். டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கி, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து பெற்றோல் வாங்கிய அந்த வருடத்திலும் இதன் பிஸ்டன் ரிங்கும் வால்வும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைத்தன. எங்கள் எஞ்சினைப் பார்க்கும் பாஸ் (மெக்கானிக்) அந்தச் சந்துக்குள்தான் வேலை செய்கிறார். வால்வ் இடைவெளி உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15, புகை வெளியேற்றும் வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர் என்பதை அவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எஞ்சினை ஆறவைத்து அளந்து சரிசெய்கிறார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களில் அவரை நீங்கள் காண முடியாது. கிண்ணம் கொடுக்கும்போது மேடைக்கு வாருங்கள் என்று அவரை எங்கள் அணியிலும் எவரும் அழைக்கவில்லை. அவர் கருவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய காபரேற்றர் பூட்டியவருக்குத் தனிப் படம், கழுத்தில் கையைப் போட்டபடி.

“எஞ்சின் அவ்வளவு நல்லதென்றால் ஏன் முதலாவதாக வரவில்லை?” இதைக் கேட்பவர்களுக்காகவே நேரப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நாங்கள் இழந்த நேரமெல்லாம் பிட்டில் இழந்தது: ஓட்டுநர் மாறும்போது இருக்கையில் பஞ்சைச் செருகுவதற்கு ஆள் தேடியது, பெற்றோல் நிரப்பும் புனலைக் காணாமல் ஓடித் திரிந்தது. அதைவிடப் பெற்றோல் குழாய் சைலன்சருக்கு அருகால் போனதால், நிரப்பிவிட்டுப் புறப்பட்ட ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள் பெற்றோல் கொதித்து முதல் சுற்றில் எஞ்சின் விக்கியது. குழாயை மறுபக்கத்தால் கொண்டுபோய் வெப்பம் தாங்கும் உறை போட்டால் அது தீரும். கிளச்சும் அப்படித்தான். மையவிலக்குக் கிளச் 2,000 சுழற்சியைத் தாண்டித்தான் நன்றாகப் பிடிக்கும். கொண்டையூசி வளைவில் அரை அக்சிலேற்றரில் உருட்டிக்கொண்டு வருபவர் அதை எரிக்கிறார். அதற்குப் பின் அச்சில் ஒரு பல் கூடிய ஸ்புரொக்கெற் (செயின் ஓடும் பற்சக்கரம்) போதும், அல்லது அந்த ஓட்டுநரோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினால் போதும். இவை எதற்கும் புதிய எஞ்சின் தேவையில்லை. இவற்றை நான் முன்பே குழுவில் எழுதியிருந்தேன். அதற்குக் கட்டைவிரல் எதுவும் உயரவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருவேன். எஞ்சினை மாற்ற வேண்டும் என்பவர்கள் காணொளியோடு வராமல் கணக்கோடு வரட்டும். அந்த எஞ்சின் எத்தனை மணிநேரம் தொடர்ந்து ஓடிக் காட்டியிருக்கிறது, ரொட் முறிந்தால் கொழும்பில் எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கலாம், அதைப் பூட்டத் தெரிந்தவர் யார், அவருக்கு யார் காசு கொடுப்பது என்பதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஜிஎக்ஸ் 200க்கு நான் எழுதிக்கொண்டு வருகிறேன். அதன் பிறகும் கை உயர்த்திப் புதியதுதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் என் பங்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பழைய எஞ்சினையும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.