பக்கத்துத் தட்டில் என்ன நடந்தது?

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று பேர் கீழே வெறும் கேள்விக்குறி ஒன்றை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குறிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யார் பேசினார், எந்த மேடை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் நாலு பார்வையாளர்களைப் பிடித்துக் கொடுக்க நான் தயாரில்லை. ஏதோ ஒரு செடியின் சாற்றை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள் மேல் விட்டார்களாம், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அத்தனையும் செத்துப்போயினவாம், அதை அப்படியே மூடி மறைத்துவிட்டார்களாம். கைதட்டல். பின்னணி இசை வேறு.

நான் அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "பக்கத்துத் தட்டில் நல்ல செல்களை வைத்து அதே சாற்றை விட்டுப் பார்த்தார்களா? அவை என்ன ஆயின?" இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "கம்பெனிக்காரர்களிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?" அதற்கு நூற்றுக்கும் மேல் விருப்பக் குறிகள். அதில் எனக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு.

சரி, தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். தட்டில் செத்தது என்றால் தட்டில் செத்தது. அதற்கு மேல் அதில் ஒரு பொருளும் இல்லை. செல்களைத் தட்டில் கொல்வது ஒரு வித்தையே கிடையாது. எங்கள் புற்றுநோய் ஆய்வகத்தில் தினமும் மாலை வேலை முடிந்ததும் மிச்சமான செல்கள் மேல் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிக் கொன்றுவிட்டுத்தான் குப்பையில் கொட்டுகிறோம். நாற்பத்தெட்டு மணி நேரம் கூடத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்குப் போகும் சிலிண்டரில் கரியமில வாயு தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் ஒன்றரை மாத உழைப்பு, சிவப்பாக இருக்க வேண்டிய திரவமெல்லாம் ஊதா நிறத்துக்கு மாறி, செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. அன்றைக்கு நானும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன். மேடைதான் கிடைக்கவில்லை.

தட்டில் இருக்கும் செல் சொகுசாக வாழ்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுச் சாப்பாடு, அளவான சூடு, வேண்டிய அளவு ஆக்சிஜன். மருந்தை நேராக அதன் தலையிலேயே ஊற்றுகிறோம். உடம்புக்குள் அப்படியா? விழுங்கிய பொருள் குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரல் அதை உடைக்காமல் விட வேண்டும், ரத்தத்தில் தேவையான அளவுக்குத் தங்க வேண்டும், கட்டியின் நடுவே ரத்தக்குழாய் சரியாக எட்டாத இடம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். வழியில் எலும்பு மஜ்ஜையை, குடல் சுவரை, இதயத்தைக் கெடுக்கவும் கூடாது. தட்டில் இவை எதுவுமே கிடையாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பற்றி அந்த மேடையில் மூச்சே இல்லை. முதலில் வந்த கட்டியைவிட, அது பரவியதால்தான் பெரும்பாலான நோயாளிகளை இழக்கிறோம். மார்பகத்தில் இருந்தது எலும்புக்குப் போகிறது, குடலில் இருந்தது கல்லீரலுக்குப் போகிறது. ஏன் அங்கே? ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889இல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். செல்கள் போகிற போக்கில் சிக்கிக்கொண்ட இடத்திலெல்லாம் முளைக்கவில்லை என்று கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்த்ததற்கு அவருக்கு யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். 1970இல் ஐசையா ஃபிட்லர் என்ற ஆய்வாளர் எலியின் ரத்தத்தில் கதிரியக்க அடையாளம் இட்ட புற்றுநோய் செல்களைச் செலுத்திக் கணக்கெடுத்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது, கிளம்பிய செல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்பே கொன்றுவிடுகிறது. மிஞ்சும் அந்த ஓரிரண்டுதான் எமன். அவற்றில் சில வருடக்கணக்கில் பிளவுபடாமல் உறங்கிக் கிடக்கும். பிளவுபடும் செல்லைத் தேடிக் கொல்லும் மருந்துக்கு உறங்கும் செல் கண்ணிலேயே படாது. அந்தச் செல்லைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா, நானும் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

"அப்படியென்றால் நீங்கள் மட்டும் ஏன் தட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்காவது தொடங்கத்தானே வேண்டும்? செல்கள் கம்பளம் போலப் படர்ந்த தட்டில் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலின் நுனியால் குறுக்கே ஒரு கோடு கிழிப்பேன். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் கால் நீட்டி அந்தக் கோட்டுக்குள் இறங்கியிருக்கும். இன்னொரு சோதனையில், எட்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைகள் உள்ள சவ்வின் மேல் செல்களை விட்டு, கீழே சாப்பாட்டை வைப்போம். துளையைவிட இரண்டு மடங்கு பெரிய செல், உடம்பைக் குறுக்கி, தன் உட்கருவையும் பிதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. எந்த மரபணுவை அணைத்தால் அது பிதுங்காமல் நிற்கும் என்று கேட்கத் தட்டு உதவும். நோயாளி பிழைப்பாரா என்று கேட்க உதவாது. இந்த வேறுபாட்டைத்தான் நேற்றிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"செடி என்றாலே உங்களுக்கு இளக்காரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்பரே, வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தவை. 1950களில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கப் போனார்கள், வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள், அங்கிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து வந்தது. பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. 1962இல் பட்டையை உரித்தார்கள், 1992இல்தான் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. முப்பது வருடம். யாரும் மறைக்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் நோயாளி தாங்குவார், தண்ணீரில் கரையாத பொருளை எப்படி நரம்பில் ஏற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒரு நிமிடக் காணொளியில் சொல்ல முடியாதுதான்.

"மருந்துக் கம்பெனிகள் லாபம் பார்க்கவில்லையா?" பார்க்கின்றன. விலை அநியாயம்தான். அதற்கு நான் என்ன செய்ய? "எலிகளை வதைக்கிறீர்களே?" இதற்கு இன்று பதில் சொல்லும் மனநிலையில் இல்லை.

எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவே இல்லை. புற்றுநோய் ஆய்வில் மைல்கல் என்று கொண்டாடப்பட்ட 53 ஆய்வுகளை மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோது ஆறுதான் தேறின. 2012இல் நேச்சர் என்ற அறிவியல் இதழிலேயே இது வந்தது. செல்கள் திசுவை அரித்துப் பரவுவதைத் தடுக்கும் என்று நம்பிய ஒரு மருந்து வரிசை எலிகளில் அருமையாக வேலை செய்தது. மனிதர்களுக்கு மூட்டு வலியைத் தந்ததுதான் மிச்சம். 1998இல், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் தடுத்து எலிகளின் புற்றுக்கட்டிகளைச் சுருங்கவைத்த ஜூடா ஃபோக்மன் என்ற ஆய்வாளரைப் பற்றி உலகமே கூத்தாடியபோது அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? உங்களுக்குப் புற்றுநோய் இருந்து, நீங்கள் ஒரு எலியாகவும் இருந்தால், எங்களால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்றார். தன் கண்டுபிடிப்பைப் பற்றித் தானே இப்படிச் சொல்பவரை மேடைக்கு அழைக்க மாட்டார்கள்.

என் கதையையும் கேளுங்கள். ஆய்வில் சேர்ந்த புதிதில் என்னிடம் செல்களை உறையவைத்த ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். மேலே ஒட்டியிருந்த பெயரை நம்பி அந்தச் செல்லை இரண்டு வருடம் வளர்த்தேன். பிறகு ஒரு சந்தேகத்தில் மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்பினேன். வந்த முடிவு: ஹீலா. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்கள். எங்கோ எப்போதோ ஒரு துளி கலந்து, குப்பியில் இருந்த சொந்தக்காரரை விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி உலகம் முழுக்க எத்தனையோ கட்டுரைகள் எழுதினார்கள், கடைசியில் அது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. நான் இரண்டு வருடத்தைக் குப்பையில் போட்டேன். அழுதேன். ஆனால் "இது ஹீலா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு வாங்கினேன் என்று கேட்டவருக்கு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

இப்போது நோயாளிகளின் கட்டியிலிருந்தே சிறு துண்டு எடுத்து, ஜெல் துளிக்குள் வைத்து, குட்டிக் கட்டிகளாக வளர்க்கிறோம். எந்த மருந்துக்கு எது மடங்கும் என்று அதில் பார்க்கலாம். துண்டு பனிக்கட்டியில் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். முப்பத்தொன்று என்ற எண் ஒரு மாலை ஆறு மணிக்கு மேல் வந்தது. பச்சரிசி அளவுகூட இல்லை. பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கித் துளிகளில் வைத்துவிட்டு நள்ளிரவுக்குத்தான் வீட்டுக்குப் போனேன். ஏழு வாரம் கழித்து அது வளர்ந்து, ஒரு மருந்துக்கு அசையாமல் இருந்து, இன்னொன்றுக்கு அழகாகச் சுருங்கியது. ஆய்வு முடிவை நோயாளிக்கான சிகிச்சையில் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் பயனில்லை. அந்த வாரம் வந்த பட்டியலில் முப்பத்தொன்றுக்கு நேரே இனி திசு மாதிரி வராது என்று குறித்திருந்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. அவருடைய கட்டி இன்னும் என் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறது. நோயாளிகள் நோயாளிகளாகவே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையாம், மேடையில் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

இன்று காலை என் மாமாவும் அதே காணொளியை அனுப்பியிருந்தார். சிறு வயதில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். கீழே எழுதியிருந்தார்: "இத்தனை வருடமாக நீ அங்கே என்னதான் செய்கிறாய் அம்மா?" கிண்டலாக எழுதவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அதனால்தான் அதிகம் வலிக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.

சற்று முன் அந்தக் காணொளிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். என் கேள்வியை நீக்கிவிட்டார்கள். மாமா, நீங்கள் பெரியவர், உங்கள் கேள்வியை நீக்க மாட்டார்கள். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள். பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல செல்கள் என்ன ஆயின?