அது வாசல் கேட் மட்டும்தான்

அந்த பிராட்பேண்ட் ஃபில்டர் விளம்பரத்தைப் பற்றித்தான்: வீட்டு நெட்டில் ஆபாசத் தளங்களை அடைக்கும் ஃபில்டரை, பிள்ளைகளுக்கு "முழுப் பாதுகாப்பு" என்று ஒரு நெட் கம்பெனி விற்கிறது. நீங்கள் எல்லாரும் பார்த்தாயிற்று, கமென்ட் சண்டையையும் பார்த்தாயிற்று. "முழுப் பாதுகாப்பு" என்பதில் ‘முழு’ என்ற சொல் பொய் என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு "இவனுக்கு ஏன் எரிகிறது", "ஆபாசத்துக்கு வக்காலத்து" என்று வந்து நிற்கிறார்கள். பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவன் என்று ஒருவரைச் சொல்வது சின்ன வார்த்தை இல்லை. வலிக்கிறது. இருந்தாலும் விஷயத்தைப் பேசிவிடுகிறேன்.

ஃபில்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறேன்.

நெட் கம்பெனிகள் வீட்டுக்குத் தரும் ஃபில்டர் பெரும்பாலும் டிஎன்எஸ் ஃபில்டர். போன் ஒரு தளத்தைத் திறக்கும் முன், அந்தப் பெயருக்கு என்ன ஐபி எண் (இணையத்தில் அதன் முகவரி) என்று, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் சர்வர் எண்ணைச் சொல்லாது. அதன் வேலை அங்கேயே முடிந்தது. பக்கத்துக்குள் என்ன படம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஆபாசத்துக்கென்றே இருக்கும் தளத்தை அடைக்கும். டெலிகிராம் சேனலில் வருவதை, வாட்ஸாப் குரூப்பில் வருவதை, எக்ஸில் (பழைய ட்விட்டர்) ஓடுவதை அடைக்காது. எக்ஸ் தளம் 2024இல் வயதுவந்தோர் படங்களைத் தன் விதியிலேயே வெளிப்படையாக அனுமதித்துவிட்டது. அங்கே ஒரு படத்தை மட்டும் டிஎன்எஸ்ஸால் மறிக்க முடியாது, மொத்த எக்ஸையும்தான் மறிக்க முடியும். இதை அந்த விளம்பரத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்குப் பேச்சே இல்லை.

சரி, மாதாமாதம் காசு கொடுக்காமல் இதே வேலையை நீங்களே செய்யலாம். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2020 ஏப்ரலில் இருந்து இப்படி ஒரு டிஎன்எஸ் ஃபில்டரை இலவசமாகத் தருகிறது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், 192.168.1.1 அல்லது 192.168.29.1 என்று ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கத்தில், வீட்டுப் போன்களுக்கு எண்களைக் கொடுக்கும் டிஹெச்சிபி என்ற இடத்துக்குப் போங்கள். முதல் டிஎன்எஸ் 1.1.1.3, இரண்டாவது 1.0.0.3. சேமித்துவிட்டு ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்ணையே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கும். கூகுள் தேடலும் யூடியூபும் சேஃப் மோடில் பூட்டப்பட வேண்டும் என்றால், கிளீன்பிரவுசிங் என்ற இன்னொரு சேவையின் குடும்ப ஃபில்டர்: 185.228.168.168, 185.228.169.168. அது ரெட்டிட் போன்ற கலவையான தளங்களையும் சேர்த்தே அடைக்கும், பிறகு திட்டாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இந்த இடங்களில்தான். இரண்டாவது கட்டத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று 8.8.8.8, அதாவது எதையும் அடைக்காத கூகுள் டிஎன்எஸ், போட்டு வைப்பார்கள். போன் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும், ஃபில்டர் பாதி நேரம் இருக்காது. அதைவிட மோசம் ஐபிவி6. ஐபி எண்ணில் பழைய வகை ஐபிவி4, புது வகை ஐபிவி6, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நீங்கள் ஐபிவி4 கட்டத்தில் மட்டும் மாற்றியிருப்பீர்கள். கம்பெனியின் ஐபிவி6 டிஎன்எஸ் அப்படியே போனுக்குப் போய்க்கொண்டிருக்கும், எல்லாத் தளமும் திறக்கும். அந்தக் கட்டத்தில் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 போட வேண்டும். கம்பெனி அந்தக் கட்டத்தைப் பூட்டி வைத்திருந்தால், ரவுட்டரில் ஐபிவி6ஐ அணைப்பது எளிய வழி. அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஸ்டிக்கரை உங்கள் பிள்ளையாலும் படிக்க முடியும். பின்பக்கம் ரீசெட் ஓட்டையில் குண்டூசியைப் பத்து விநாடி அழுத்தினால் நீங்கள் போட்டது மொத்தமும் போய்விடும். ஒருநாள் வைஃபை பெயர் தானாகப் பழைய பெயருக்கு மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது. அதில் வேறு ஒரு சர்வர் பெயரை எழுதினால் ரவுட்டரை அது கேட்கவே கேட்காது. குரோமில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ அப்படித்தான். போனின் போக்குவரத்தை வேறு ஒரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் அப்படித்தான். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனால் வீட்டு ஃபில்டருக்கும் அந்த போனுக்கும் சம்பந்தமே இல்லை. எனவே போனிலும் ஒரு பூட்டு வேண்டும்: ஆண்ட்ராய்டில் பெற்றோருக்கான கூகுள் ஆப் ஃபேமிலி லிங்க் வைத்து, எந்த ஆப்பும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் இறங்காதபடி செய்யலாம், ஐபோனில் ஸ்கிரீன் டைமில் வயதுவந்தோர் தளங்களைக் கட்டுப்படுத்தும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் சஃபாரியின் பிரைவேட் டேபும் போய்விடும். விற்பவர் சொல்லாத பாதி இதுதான்.

"பிரிட்டனே செய்துவிட்டது, உனக்கு என்ன" என்று ஒருவர். பிரிட்டனையே பார்ப்போம். 2013 ஜூலையில் அப்போதைய பிரதமர் கேமரன் அறிவித்தார். பிடி, ஸ்கை, டாக்டாக், வெர்ஜின் என்ற நான்கு நெட் கம்பெனிகளும் புது வாடிக்கையாளர் எல்லாரிடமும் ஃபில்டர் வேண்டுமா என்று கேட்டாக வேண்டும். மறு ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் கணக்கு எடுத்தது. வேண்டும் என்றவர்கள் பிடியில் 5 சதவீதம், ஸ்கையில் 8, வெர்ஜினில் 4, டாக்டாக்கில் மட்டும் 36. 2014 ஜனவரியில் ஸ்கையின் ஃபில்டர், பல தளங்களுக்குப் பொது நிரல் தரும் ஜேக்வெரி தளத்தைத் தவறாக அடைத்துவிட, அங்கிருந்து நிரல் எடுத்துக்கொண்டிருந்த சம்பந்தமே இல்லாத தளங்கள் அந்த வீடுகளில் உடைந்து கிடந்தன. 2018இல் ஆக்ஸ்போர்டு இன்டர்நெட் இன்ஸ்டிட்யூட் ஆய்வு சொன்னது: ஒரே ஒரு பிள்ளை ஆபாசத்தைப் பார்க்காமல் தடுக்க 17 முதல் 77 வீடுகளில் ஃபில்டர் இருக்க வேண்டும்.

"அந்த ஒரு பிள்ளை என் பிள்ளையாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போடுங்கள். ஆறு வயதுக் குழந்தை எதையோ தட்டப்போய் எங்கோ போய் விழுவதை அது தடுக்கும், அதற்காகவே போடலாம். பதினைந்து வயதுக்காரனுக்கு அது வேலி இல்லை. 2025 ஜூலையில் பிரிட்டனில் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனை கட்டாயமான சில நாட்களில், ஆப் ஸ்டோரில் முதல் இடங்களுக்கு ஏறியவை விபிஎன் ஆப்கள்.

"தொழில்நுட்பம் தெரிந்த திமிர்" என்றவருக்குப் பதில் கிடையாது.

எனக்கு உண்மையில் ஆறாதது வேறு. 2013 டிசம்பரில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி சோதித்தபோது பிரிட்டனின் அந்த ஃபில்டர்களில் அடைபட்டுக் கிடந்தவற்றில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான மையத்தின் தளமும், பிள்ளைகளுக்கான பாலியல் கல்வித் தளமும் இருந்தன. கிளவுட்ஃப்ளேரும் அந்த இலவச ஃபில்டரைத் தொடங்கிய நாளிலேயே பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினருக்கான தளங்களைத் தவறாக அடைத்து மன்னிப்புக் கேட்டது. இங்கே இந்தியாவில் 2015இல் தொலைத்தொடர்புத் துறை அடைக்கச் சொன்ன 857 தளங்களில் நகைச்சுவைத் தளம்கூட இருந்தது. ஒரு பெண் குழந்தைக்கு வீட்டுக்குள்ளேயே ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று வையுங்கள். ராத்திரி போனை எடுத்து, யாரிடம் சொல்வது என்று தேடுகிறாள். ‘இந்தத் தளம் தடைசெய்யப்பட்டது’ என்று வருகிறது. தப்பு தன் மேல்தான் என்று நினைத்து போனைக் கீழே வைத்துவிடுவாள். அந்த ஃபில்டரின் பாஸ்வேர்டு அவனிடமே இருக்கலாம். இதை யோசித்துவிட்டு என்னிடம் அக்கறையைப் பற்றிப் பேசுங்கள்.

அந்தக் கம்பெனியிடம் நான் கேட்பது மூன்று. விளம்பரத்தில் ‘முழு’ என்பதை எடுத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும், தளங்களின் பெயரை மட்டும் என்று எழுதட்டும். தவறாக அடைபட்டதைச் சொல்ல ஒரு பட்டன் வைத்து, 24 மணி நேரத்தில் ஒரு மனிதர் பார்க்கட்டும். தடைப் பக்கத்தில் தங்கள் லோகோ இருக்கும் அளவுக்குப் பெரிதாக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போடட்டும்.